மஞ்சள் தாள் சுற்றிய பாட்டில்

1950-களில் இங்கிலாந்தில், மருத்துவமனையில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போனவர்கள் பலர் கையில் ஒரு கண்ணாடி பாட்டில் இருந்தது. அதைச் சுற்றி மஞ்சள் செலஃபேன் தாள். உள்ளே லூக்கோசேட் என்ற குளுக்கோஸ் கலந்த சோடா. நம் ஊரில் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு போவது போலத்தான். இரண்டு பாட்டில்களும் பின்னாளில் ஒரே முதலாளியிடம் சேர்ந்தன: 1938-இல் லூக்கோசேட்டை வாங்கிய பீச்சம் நிறுவனமே 1969-இல் ஹார்லிக்ஸையும் வாங்கியது.

நியூகாசில் நகரின் மருந்துக்கடை ஒன்றில் 1927-இல் லூக்கோசேட் பிறந்தபோது அதன் பெயர் குளுக்கோசேட். சாப்பாடு இறங்காத நோயாளிக்குச் சட்டென்று தெம்பு கிடைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நோயிலிருந்து மீளவே இது உதவும் என்று விளம்பரங்கள் சொல்லத் தொடங்கின. தெம்பு வருவது வேறு, அறுத்த சதை கூடுவது வேறு.

அந்த வித்தியாசத்தை அதே காலத்தில் தன் முதுகிலேயே சோதித்துப் பார்த்தார் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜான் கிராண்டன். பாஸ்டனில் 1939-இல் அவர் பழம், காய்கறி, பால் மூன்றையும் அடியோடு நிறுத்தினார். மூன்று மாதம் கழித்து முதுகில் ஒரு கீறல் போடச் சொன்னார். அது ஒழுங்காக ஆறியது. நிறுத்தி ஆறு மாதம் ஆனபோது இன்னொன்று. பத்து நாளில் மேல்தோல் கூடிவிட்டது போலத் தெரிந்தது. திறந்து பார்த்தால் அடியில் உறைந்த ரத்தம் மட்டுமே. சதை கூடவே இல்லை. வைட்டமின் சி-யை தினமும் ஊசி மூலம் ஏற்றிய பிறகே அந்த இடம் ஆறத் தொடங்கியது. காயத்தை இழுத்துப் பிடிக்கும் கொலாஜன் என்ற நார்ப்புரதம் உறுதிப்பட அந்த வைட்டமின் வேண்டும். அவர் சாப்பாட்டில் மாவும் இனிப்பும் இருந்தன. அவை அந்த வேலையைச் செய்யவில்லை.

இதற்கிடையே ஆசியாவில் வேறொரு பாட்டில் வந்தது. ஜப்பானின் தைஷோ மருந்து நிறுவனம் 1962-இல் டாரின், பி வைட்டமின், காஃபீன் கலந்த லிப்போவிட்டான் டி-யை விற்றது. தாய்லாந்தில் சலியோ யூவித்யா 1970-களில் கிராத்திங் டேங் என்ற பானத்தை லாரி ஓட்டுநர்களிடமும் தொழிலாளிகளிடமும் கொண்டுசேர்த்தார். அதுவே 1987-இல் ஆஸ்திரியாவில் ரெட் புல் ஆனது. 250 மில்லி டின்னில் 80 மில்லிகிராம் காஃபீன், சுமார் 27 கிராம் சர்க்கரை.

காஃபீன் தூக்கத்தை விரட்டுவது, உடலில் உருவாகித் தூக்கத்தை வரவழைக்கும் அடினோசின் என்ற பொருளின் கதவை அடைத்துக்கொண்டுதான். அதே அடினோசின், புண்ணில் புது ரத்தக்குழாய் முளைக்கவும் உதவுகிறது என்று எலிகளில் கண்டிருக்கிறார்கள். ஆய்வகத் தட்டில் வளர்த்த தோல் செல்களில் காஃபீனைச் சேர்த்தபோது அவை பெருகும் வேகமும் நகரும் வேகமும் குறைந்தன. தட்டில் நடப்பதெல்லாம் மனித உடலிலும் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஒரு டின் குடித்ததால் நல்ல உடம்பில் புண் ஆறாமல் போகும் என்று பயமுறுத்துவதும் நியாயமில்லை. சர்க்கரை விஷயம் அப்படியல்ல. ரத்தத்தில் சர்க்கரை ஏறியே இருந்தால் கிருமியோடு போராடும் வெள்ளணுக்கள் சோர்ந்துபோகும், புண் சீழ்பிடிக்கும். காலில் புண்ணோடு வரும் நீரிழிவு நோயாளிகளைப் பார்க்கும் எந்த மருத்துவருக்கும் இது தினசரி அனுபவம். அவர்களுக்கு இந்த டின்களைத் தெம்புக்கென்று வாங்கிக் கொடுப்பது உண்மையிலேயே கெடுதல்.

லூக்கோசேட் 1983-இல் நோயாளியை விட்டு விளையாட்டு வீரரிடம் தாவியது. டெகாத்லான் வீரர் டேலி தாம்சன் விளம்பரத்தில் வந்தார். கண்ணாடி பாட்டிலும் மஞ்சள் தாளும் போய் பிளாஸ்டிக் வந்தது. ஆனாலும் ஒரு கூட்டம் அதை மருந்தாகவே வைத்திருந்தது: இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள், திடீரென்று சர்க்கரை இறங்கி மயக்கம் வரும்போது குடிப்பதற்காக. 2017-இல் அதில் சர்க்கரையைப் பாதிக்கும் மேல் குறைத்தபோது, எவ்வளவு குடித்தால் போதும் என்ற கணக்கை அவர்கள் புதிதாகப் போட வேண்டியிருந்தது.