உளி பிடித்த புனிதர்



சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேர்வராயன் மலைமேல் ஏறினால் ஏற்காடு. காப்பித் தோட்டங்களுக்கு நடுவே, 1917ஆம் ஆண்டு புனித கபிரியேல் சபை அருள்சகோதரர்கள் அங்கே ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். அது மான்போர்ட் பள்ளி. நூறாண்டு கடந்த அந்தப் பெயரை நாம் பலமுறை சொல்லியிருக்கிறோம். ஆனால் அந்தப் பெயருக்குரிய புனிதர் மரத்தில் சிலை செதுக்கத் தெரிந்தவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

புனித லூயி மரிய மான்போர்ட் 1673இல் பிரான்சு நாட்டில் பிறந்தார். ரென் நகரில் இயேசு சபையினரிடம் படித்த இளவயதிலேயே அவருக்கு ஓவியத்தில் நாட்டம் இருந்தது. 1700இல் குருவானார். ஊர் ஊராக நடந்து நற்செய்தி அறிவித்தபோது, தம் கையால் செதுக்கிய அன்னை மரியாவின் சிறு சுரூபத்தை உடன் எடுத்துச் சென்றார். எழுத்தறியாத ஏழைகளுக்கு அந்தச் சுரூபமும் ஒரு மறையுரைதான்.

பொன்ஷாத்தோ என்ற ஊரில் அவர் ஒரு கல்வாரிக் குன்றை எழுப்ப விரும்பினார். ஏறக்குறைய 15 மாதங்கள் ஆயிரக்கணக்கான எளிய மக்கள் கூலி வாங்காமல் மண் சுமந்தார்கள். 1710 செப்டம்பர் 14, திருச்சிலுவையின் மகிமை விழாவன்று அதை மந்திரிக்க எல்லாம் தயார். ஆனால் முந்தின நாள் ஆயரிடமிருந்து தடை வந்தது. பகைவருக்கு அது கோட்டையாகப் பயன்படும் என்று மன்னரின் காதில் ஓதியிருந்தார்கள். பின்னர் அதை இடிக்கவே ஆணை வந்தது. கட்டிய மக்களே இடிக்கும்படி கட்டாயப்படுத்தப்பட்டார்கள்.

மான்போர்ட் மனமுடைந்து ஒதுங்கிவிடவில்லை. தொடர்ந்து நற்செய்தி அறிவித்தார். லா ரோஷெல் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிகள் திறந்தார். 1716இல், 43 வயதில் இறைவனடி சேர்ந்தார். இடிக்கப்பட்ட குன்று பிற்காலத்தில் மீண்டும் எழுந்தது; இன்றும் அங்கே திருப்பயணிகள் செல்கிறார்கள்.

இந்த வரலாற்றை இன்று ஏன் நினைக்கிறோம்? நம் வீடுகளில் ஆறு வயதுப் பிள்ளை யாரையும் கேட்காமல் சுவரெல்லாம் வரைகிறது. அதே பிள்ளை 13, 14 வயதில், "எனக்கு வரைய வராது" என்று பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரிவது கைக்கு வரவில்லையே என்ற வெட்கம் அந்த வயதில்தான் வருகிறது. பக்கத்துப் பிள்ளையின் தாளை எட்டிப் பார்த்துக் குறுகிப்போகிற வயதும் அதுவே. அப்போதுதான் அருகில் ஓர் ஆசிரியர் வேண்டும். 'அழித்துவிட்டு மறுபடி பார், அந்த இலை உண்மையில் எப்படி வளைகிறது என்று பார்' எனச் சொல்ல ஒருவர் வேண்டும். நாமோ அந்த நேரம் பார்த்து, பத்தாம் வகுப்பு வருகிறது என்று ஓவிய வகுப்பைக் கணக்கு வகுப்பாக மாற்றிவிடுகிறோம். பெற்றோராகிய நாமே அதைக் கேட்டு வாங்குகிறோம்.

விடுதலைப் பயண நூலை ஒருமுறை திறந்து பார்ப்போம். சந்திப்புக் கூடாரத்தை அழகுற அமைக்க ஆண்டவர் பெட்சலேலைப் பெயர் சொல்லி அழைத்து, தம் ஆவியால் நிரப்புகிறார். 35ஆம் அதிகாரத்தில் இன்னொன்றும் உண்டு. கைத்திறனோடு, அதைப் பிறருக்குக் கற்றுக்கொடுக்கும் ஆற்றலையும் அவருக்கு அருளினார். அப்படியானால் ஓவிய ஆசிரியரின் பணியும் இறைவனின் கொடையே.

பிள்ளைகள் எல்லாரும் ஓவியராக வேண்டியதில்லை. ஆனால் கோணலாகப் போன கோட்டை அழித்துவிட்டு மறுபடி தொடங்கப் பழகிய பிள்ளை, நாளை வாழ்வில் ஒன்று இடிந்து விழும்போதும் மறுபடி தொடங்கும். பொன்ஷாத்தோ நமக்குக் கற்றுத்தருவது அதுதான்.

இந்த வாரம் நம் பிள்ளையின் ஓவிய நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்போம். மதிப்பெண்ணைத் தேட வேண்டாம். அழித்த இடங்களையும் பார்த்து, ஒரு நல்ல வார்த்தை சொல்வோம். உலகை அழகாகப் படைத்த இறைவன் நம் பிள்ளைகளின் கைகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.