உரலும் உலையும்: குழந்தை உணவின் வரலாறு

ஒரு மக்களின் வரலாற்றைப் போர்க்களத்திலும் கல்வெட்டிலும் தேடுகின்ற நாம், அதனை அடுக்களையில் தேடுவது அரிது. ஆயினும், நம் முன்னோர் பிள்ளைக்கு எதைப் பிசைந்து ஊட்டினர் என்று வினவத் தொடங்கினால், உழவும் வாணிகமும் எந்திரமும் அறிவியலும் ஒரு சிறு கிண்ணத்தில் வந்து கூடியிருப்பதைக் காண்போம். ஊரை விட்டு வந்து வடபுலத்து நகரங்களில் மக்களை வளர்க்கும் நமக்கு இது வெறும் ஆராய்ச்சி வினா அன்று. விடியுந்தோறும் அடுப்படியில் எழும் வினா.

தமிழர் நெல் உண்டது மிகப் பழைய வழக்கு. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் ஈமத்தாழி ஒன்றில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 எனக் கணிக்கப்பட்டதாக 2021ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. எனினும், நெல் ஒன்றே தமிழர் உணவு அன்று. முல்லை நிலத்தார் வரகுச் சோற்றை அவரைப் பருப்போடு உண்ட செய்தியைப் பெரும்பாணாற்றுப்படை தருகிறது. உண்ணும் சோற்றைச் சிறு கையால் அளைந்து சிதறும் மழலையைப் பாண்டியன் அறிவுடைநம்பி புறநானூற்றில் பாடினான். வள்ளுவரும் அக்கையின் பெருமையைப் பேசினார். பிள்ளை தானே தொட்டு, துழாவி, சிந்தி உண்ணக் கற்பதை நம் முன்னோர் குற்றமாகக் கொள்ளவில்லை என்பது இவற்றால் விளங்கும்.

அதே வேளையில், பழமை என்று நாம் கருதுவன எல்லாம் பழமை ஆகா. மிளகாய் போர்த்துக்கீசியர் வழியாகப் பதினாறாம் நூற்றாண்டில் வந்தது. அதுவரை நம் சமையலுக்குக் காரம் தந்தது மிளகே. தக்காளியும் உருளைக்கிழங்கும் அவ்வாறே கடல் கடந்து வந்தவை. நம் அடுக்களை என்றும் மாறி வந்திருக்கிறது. எந்த மாற்றம் நன்மை செய்தது, எது தீமை செய்தது என்பதே ஆராயத் தக்கது.

தீமை செய்த மாற்றத்துள் தலையாயது அரிசியைத் தீட்டி வெளுக்கும் ஆலை. உரலில் குத்திய அரிசியில் தவிட்டின் ஒரு பகுதி ஒட்டியிருக்கும். ஆலை அதனை முற்றும் நீக்கியது. தவிட்டோடு தயமின் என்னும் உயிர்ச்சத்தும் போயிற்று. அச்சத்துக் குறைவால் வருவது பெரிபெரி நோய். அன்றைய சென்னை மாகாணத்தின் வடகோடியில், பச்சரிசி உண்ட வடசர்க்கார் மாவட்டங்களில் அந்நோய் வேரூன்றியிருந்தது. புழுங்கல் அரிசி உண்ட தமிழ் மாவட்டங்களிலோ அஃது அரிது. காரணம் எளியது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பின்னர் தீட்டினாலும் முழுதும் போவதில்லை.

இந்த ஆராய்ச்சிக்கு நம் நீலமலையே களமாயிற்று. இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். பின்னாளில் அவர் இந்தியாவின் பல்வேறு மக்கள் உண்ணும் உணவுகளை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே அளித்து, அவற்றின் வளர்ச்சியை ஒப்பிட்டார். முழுக்கோதுமை ரொட்டி, பால், தயிர், நெய், பருப்பு, பச்சைக் காய்கறி என அமைந்த சீக்கியர் உணவு முதலிடம் பெற்றது. தீட்டிய அரிசி மிகுந்தும் பால் பொருள்கள் குறைந்தும் இருந்த ‘மதராசி’ உணவு கடைசி இடத்தில் நின்றது. வடவர் நம்மைச் சுட்டும் அதே பெயர்! இதனைப் படிக்கையில் நமக்கு நாணம் வரலாம்; சினமும் வரலாம். ஆனால், கடையில் நின்றது நம் முன்னோரின் வரகும் கேழ்வரகும் கீரையும் மோரும் சேர்ந்த உணவு அன்று. அவை அருகி, வெள்ளை அரிசியே பெருகிய உணவு என்பதை நாம் மறத்தலாகாது. குன்னூர் ஆய்வகம் 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என விளங்குகிறது.

அந்நிறுவனத்தை வழிநடத்தியவருள் சேலத்தில் பிறந்த சி. கோபாலன் (1918–2019) குறிப்பிடத் தக்கவர். புரதச் செறிவுப் பொருள்களே ஏழைக் குழந்தைகளைக் காக்கும் என்று உலகம் பேசிய காலத்தில், அவரும் அவர்தம் குழுவினரும் வேறொன்றைச் சுட்டினர்: பெரும்பாலான குழந்தைகளுக்குக் குறைவு புரதம் மட்டும் அன்று, வயிறார உணவே குறைவு. வீட்டுத் தானியத்தையும் பருப்பையும் போதிய அளவில், சிறுவயிற்றுக்கு ஏற்பப் பல வேளையாகப் பகுத்து ஊட்டினால் பெரிதும் பயன் விளையும். விலையுயர்ந்த பொடியினும் பருப்புச் சோறு ஆற்றல் உடையது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

தாய்ப்பாலின் வரலாறும் இத்தகையதே. புட்டிப்பால் மாவு நகரத்துக்கு நாகரிகச் சின்னமாக வந்தது. அதன் விளம்பரத்தைத் தடுக்க நம் நாடு 1992இல் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. ஆனால், பழிமுழுதும் புதுமைக்கே உரியது என்று கூறுதல் நேர்மை ஆகாது. பிறந்த குழந்தைக்குச் சீம்பாலைப் பிழிந்து கொட்டிவிட்டுச் சர்க்கரை நீரும் தேனும் தொட்டு வைத்த வழக்கம் நம் இல்லங்களிலும் இருந்தது. நோயை எதிர்க்கும் ஆற்றல் செறிந்தது அந்தச் சீம்பாலே என்றும், முதல் ஆறு திங்கள் தாய்ப்பால் ஒன்றே போதும் என்றும் இன்று அறிவோம். பாட்டியிடமிருந்து கேழ்வரகுப் பால் காய்ச்சும் முறையைக் கற்போம்; சேனை வைக்கும் வழக்கத்தை விட்டொழிப்போம்.

பாட்டி பக்கத்தில் இல்லாமையே நம் குடும்பங்களின் பெருங்குறை. அக்குறையை ஒருவாறு நிரப்பியது 1951இல் வெளிவந்த மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’. வாய்மொழியாக வந்த அளவும் பக்குவமும் அச்சேறிப் பல ஊர்களுக்குப் பயணம் செய்தன. எனினும், நூல் சொல்லாத ஒன்றை நாமே கற்க வேண்டியிருந்தது: புதிய மண்ணில் பழைய தானியத்தை அடையாளம் காணுதல். நம் கேழ்வரகே மராட்டியத்தில் நாச்சணி. இமயச் சாரலில் மண்டுவா. கம்பு பாஜ்ரா என்றும், முருங்கை சஹ்ஜன் என்றும் சந்தையில் காத்திருக்கின்றன. வங்காளத்தார் நம்மைப் போலவே புழுங்கல் அரிசி உண்போர். நூறு கிராம் கேழ்வரகில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே அளவு தீட்டிய அரிசியில் ஏறத்தாழப் பத்தே. இதனை அறிந்த தாய்க்கு ஊர்ப் பெயர் தடை ஆகாது.

ஆகவே, ‘நம் உணவே உயர்ந்தது’ என்னும் வீம்பும் வேண்டா; ‘நம்முடையது பழையது’ என்னும் வெறுப்பும் வேண்டா. அண்டை வீட்டுப் பஞ்சாபியரின் முழுக்கோதுமையையும் தயிரையும் நம் கீரை மசியலோடு ஓரிலையில் வைப்போம். குழந்தைகளை நம்மோடு அமர்த்தி, அவர்கள் தம் கையால் உண்ணவும் சிந்தவும் விடுவோம். அவ்வேளையில், உண்ணும் பொருள்களின் பெயரைத் தமிழில் சொல்லிக் கொடுப்போம். அயலூரில் பிறக்கும் பிள்ளைக்குத் தாய்மொழியின் முதற்பாடம் பெரும்பாலும் சோற்றோடுதான் தொடங்குகிறது.