டூபாண்ட் விற்றுப்போன பெட்டி

1905இல் டூபாண்ட் என்றொரு பிரெஞ்சுக்காரர் திருச்சியில் இருந்தார். கையில் ஒரு புரொஜெக்டர், சில படச்சுருள்கள். ஊர் ஊராகப் படம் காட்டி வந்தவருக்கு உடம்பு முடியாமல் போனது. சாமான்களை யாரிடமாவது தள்ளிவிட்டு நாடு திரும்பினால் போதும் என்ற நிலை. வாங்க வந்தவர் வியாபாரி இல்லை. தென்னிந்திய ரயில்வேயில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்த, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட். விலை சுமார் 2000 ரூபாய். பெட்டிக்குள் இயேசுவின் வாழ்க்கை பற்றிய படமும் வேறு சில துண்டுப் படங்களும் இருந்தன.

மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு கோடு போட்டுக்கொண்டிருந்த ஒருவர் அதை விட்டுவிட்டுக் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார் என்பதைத்தான் தமிழ் சினிமா வரலாறு எழுதுபவர்கள் எல்லாரும் வியப்போடு சொல்வார்கள். எனக்கும் அந்த இடம் பிடிக்கும். பகலில் கோடு எழுதி, ராத்திரியில் உறையூரைப் பற்றி யூட்யூப் வீடியோ செய்கிற ஆளுக்குப் பிடிக்காமல் இருக்குமா? ஆனால் வேலையை விடுவது ஒரு நாள் வேலை. அதற்கு அடுத்த நாலு வருடம் அவர் எப்படித் தாக்குப்பிடித்தார் என்பதுதான் என் கேள்வி.

திருச்சியிலிருந்து கிளம்பித் தெற்கே திருவனந்தபுரம், மதுரை, அப்புறம் வடக்கே லாகூர், பெஷாவர் வரை போனார். 1909இல் சென்னைக்குத் திரும்பினார். அந்தக் காலத்து ஊர்சுற்றிப் படக்காரர்களின் பாட்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பெரும்பாலான ஊர்களில் மின்சாரம் கிடையாது. வாயுவை எரித்து ஒரு சுண்ணாம்புக் கட்டியைப் பழுக்கக் காய்ச்சி, அந்த வெளிச்சத்தில் படம் காட்டுவார்கள். சுருளைக் கையால் சுற்ற வேண்டும். படச்சுருளோ வெடிமருந்துக்கு உறவுக்காரி, பொறி பட்டால் போச்சு. 1897 மே மாதம் பாரிஸில் ஒரு தர்மச் சந்தையில் படக்கருவியின் விளக்கிலிருந்து பிடித்த தீயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். இத்தனையையும் மாட்டு வண்டியிலும் ரயிலிலும் ஏற்றிக்கொண்டு திரிந்தார்கள்.

இவ்வளவு கஷ்டத்திலும் தளராத மன உறுதி என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடலாம். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. மன உறுதி எல்லாருக்கும் மூன்று மாதம் வரும். நாலு வருடத்துக்கு வேறு ஏதோ வேண்டும்.

அந்த ஏதோ, படம் விற்கப்பட்ட முறையில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அன்று படங்கள் வாடகைக்குக் கிடைக்காது. அடிக்கணக்கில் விலை போட்டு விற்பார்கள். துணி வாங்குவதுபோல வாங்க வேண்டியதுதான். வாங்கிய பிரதி தேய்ந்து கிழியும்வரை உங்களுடையது. ஒரு ஊரில் எல்லாரும் பார்த்து முடித்ததும் படம் பழசாகிவிடும். அப்போது இரண்டே வழி. புதுப் படம் வாங்க வேண்டும், இல்லையென்றால் புது ஊருக்குப் போக வேண்டும். புதுப் படத்துக்குப் பணம் ஏது? அதனால் ஊரை மாற்றினார்கள். மதுரையில் பழசான படம் அடுத்த ஊரில் அன்றைக்குத்தான் பிறந்தது. படத்தைச் சுற்றுகிறவருக்கு ஐந்நூறாவது தடவை, எதிரில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கு முதல் தடவை. ஒவ்வொரு புது ஊரிலும் முதல் நாள் முகங்கள் அவருக்குத் திரும்பக் கிடைத்தன.

1907இல் பிரான்ஸின் பாத்தே கம்பெனி படங்களை விற்பதை நிறுத்தி வாடகைக்கு விட ஆரம்பித்தது. மெல்ல மெல்லத் தொழிலே அந்தப் பக்கம் சாய்ந்தது. வாரா வாரம் படம் மாறினால் ஆள் நகர வேண்டாம், கட்டடம் கட்டிவிடலாம். வின்சென்ட்டும் பாத்தேயின் ஏஜென்ட் ஆனார், 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். தெருவுக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. நிரந்தரத் தியேட்டர் வந்ததும் கவலை தலைகீழானது. கூட்டம் அதே கூட்டம், படம்தான் புதுசாக வந்துகொண்டே இருக்க வேண்டும்.

சேனல் நடத்துகிற நம் கதை இங்கேதான் வருகிறது. இடம் ஒன்று, வெள்ளிக்கிழமை தவறாமல் புதுசு போட வேண்டும், போன வாரத்துது இந்த வாரம் பழசு. தியேட்டர் முதலாளியின் கவலை முழுசாக நமக்கு வந்துவிட்டது. அவருக்கு இருந்த ஒரு வசதி, டிக்கெட் கவுன்டருக்குப் பக்கத்தில் நின்று வெளியே வருகிறவர்களின் மூஞ்சியைப் பார்ப்பது, அது மட்டும் வரவில்லை.

என் சேனலுக்குப் பதினான்கு மாதம் ஆகிறது. 23 வீடியோ, 418 சப்ஸ்க்ரைபர். சோழர்களின் பழைய தலைநகரம் என்று எல்லாருக்கும் தெரிந்த உறையூரை விட்டுவிட்டு, வேலை செய்கிற உறையூரை எடுக்கிறேன். 1960களில் சென்னைப் பல்கலைக்கழகம் இங்கே அகழாய்வு செய்தபோது கிடைத்த சாயத்தொட்டி, தறி, சுருட்டு. திருச்சிச் சுருட்டின் பெயர் 1887இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலிலேயே இருக்கிறது. சாம்பலை வைத்தே அது திருச்சிச் சுருட்டு என்று கண்டுபிடிப்பார். அந்தச் சுருட்டைச் சுற்றத் தெரிந்த ஒரு பெரியவரை எடுத்த வீடியோ பதினோரு நிமிடம். 212 பேர் பார்த்திருந்தார்கள், சராசரியாக ஒரு நிமிடம் ஐம்பது நொடி.

போட்டுக் காட்டியபோது அவர் ஃபோனைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"எத்தன பேரு பாத்தாங்க தம்பி?"

"இருநூத்திப் பன்னெண்டு பேரு தாத்தா."

"யாரு யாரு?"

என்னிடம் பதில் இருந்த மாதிரியும் இருந்தது. எந்த வயது, ஆணா பெண்ணா, எந்த நாடு, ஃபோனா டிவியா, எந்த நொடியில் விலகினார்கள், எல்லாம் வரைபடமாக இருக்கிறது. அவர் கேட்டதற்கு அதில் எதுவும் பதில் இல்லை. அவர் ஆட்களைக் கேட்டார்.

எண் இருந்தும் ஆள் தெரியாத நிலை நம்முடையது. எண்ணே இல்லாமல் வேலை பார்த்தவர்களும் இதே ஊரில் இருந்திருக்கிறார்கள். திருச்சி வானொலி 1939 மே 16 அன்று தொடங்கியது. ஒரு நிகழ்ச்சியை அந்த நிமிடம் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று மைக் முன்னால் இருப்பவருக்குத் தெரிய வழியே இல்லை. நேயர் கடிதம் வரும், அவ்வளவுதான். காற்றில் பேசிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். 1960களின் நடுவில் அந்த வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகளில் ஆடுதுறை 27 என்ற புது நெல்லைப் பற்றிப் பேசினார்கள். சுமார் 105 நாளில் விளையும், குறுவைக்கு ஏற்றது, அடுத்துத் தாளடி போடலாம். தஞ்சை விவசாயிகள் அதைக் கேட்டு விதைத்தார்கள். அந்த ரகத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ரேடியோ நெல். எண் தெரியாத ஒரு வேலைக்கு இதைவிடப் பெரிய கணக்கு வர முடியாது. வயலில் முளைத்து வந்த கணக்கு அது. என்ன, அது வர ஒரு போகமாவது ஆகும். நாம் வீடியோ போட்டு நாற்பது நிமிடத்தில் ரெஃப்ரெஷ் பண்ணுகிறோம்.

கொஞ்சம் தெற்கே போனால் புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலம். 2018இல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல் 2021இல் ஒரு கோடி சப்ஸ்க்ரைபர்களைத் தொட்டது. இந்தக் கதையைச் சொல்லும்போது எல்லாரும் ஒரு கோடியைத்தான் சொல்கிறார்கள். அவர்களின் வீடியோக்களில் என் கண் போவது கடைசிப் பகுதிக்கு. பெரியதம்பி தாத்தாவும் பேரன்களும் வெட்டவெளியில் அண்டா வைத்துச் சமைத்ததை முதியவர்கள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அதாவது, வீடியோ வலையில் ஏறுவதற்கு முன்பே அதன் பலன் சிலர் வயிற்றுக்குப் போய்விட்டது. யாருமே பார்க்காமல் போனாலும் அன்றைய சமையல் வீண் இல்லை. ஆரம்ப கால வீடியோக்களை எடுத்துக்கொண்டிருந்த நாட்களில் அவர்களைத் தாங்கியதில் இதற்கும் பங்கு இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

நான் சமைக்கவில்லை. வின்சென்ட்டின் பழைய வழிதான் எனக்குக் கைகொடுத்தது. 23 படம் கையில் இருக்கிறது, ஊரை மாற்றிப் பார்ப்போம் என்று தோன்றியது. ஊர் என்ன ஊர், தெருவை மாற்றினாலே போதும். நண்பனின் புரொஜெக்டரை இரவல் வாங்கி, நெசவாளர்கள் இருக்கிற ஒரு தெருவில் வேட்டி கட்டிச் சுருட்டு வீடியோவைப் போட்டேன். நாற்பது பேர் இருப்பார்கள், பாதிக்கு மேல் பிள்ளைகள். பதினோரு நிமிடத்தையும் பார்த்தார்கள். ஏழாவது நிமிடத்தில், பெரியவர் இலையைக் கிழிக்கிற இடத்தில், பின்னாலிருந்து சிரிப்பு வந்தது. அந்த இடத்தில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லையே என்று யோசித்தேன். முடிந்ததும் ஒரு அக்கா வந்து சொன்னார்.

"எங்க அம்மாவும் இப்பிடித்தான் நாக்கக் கடிச்சிக்கிட்டே கிழிக்கும். எழுவது வயசாச்சு, இன்னும் கை மறக்கல. வந்து எடுக்குறியா?"

ஏழாவது நிமிடத்தில் ஆட்கள் விலகுகிறார்கள் என்று என் வரைபடம் காட்டியிருந்தது. நாக்கைக் கடிப்பது அதில் இல்லை. அந்த அம்மாவை எடுத்ததுதான் 24ஆவது வீடியோ. இப்போதைக்கு 96 பேர் பார்த்திருக்கிறார்கள். பெரியவரிடம் போய் யார் யார் என்று நாற்பது பேரில் பாதியையாவது பெயர் சொல்ல முடிந்தது. அதில் இரண்டு பேரை அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது, ஒருவரோடு பழைய கூலிப் பிரச்சினை வேறு இருக்கிறதாம். அதுவும் அடுத்த படத்துக்கு ஆகும்.

1933இல் வின்சென்ட் கல்கத்தாவின் பயனியர் பிலிம் கம்பெனியோடு சேர்ந்து ஒரு பேசும்படம் எடுத்தார். கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பி இருபத்தெட்டு வருடம் ஆகியிருந்தது. எந்தக் கதைக்குத் தமிழ்க் கூட்டம் தரையைவிட்டு எழாமல் உட்காரும் என்று அதற்குள் பார்த்துப் பார்த்துத் தெரிந்திருக்கும். மேடைகளில் தமிழ்நாடு பல முறை பார்த்திருந்த வள்ளி திருமணத்தை எடுத்தார், டி. பி. ராஜலட்சுமி வள்ளி. படம் ஓடியது.