இந்தியாவில் 3,682 புலிகள்... காட்டுக்குள் போய் எண்ணியது எப்படி? கணக்கெடுப்பின் முழு விவரம்

இந்தியாவில் 3,682 புலிகள், தமிழ்நாட்டில் 306 புலிகள். 2022ஆம் ஆண்டு கணக்கெடுப்பில் வெளியான எண்கள் இவை. இந்தச் செய்தியைப் பார்த்ததும் பலருக்கும் வரும் சந்தேகம் ஒன்றுதான். புலி என்ன வரிசையில் வந்து நிற்குமா? அடர்ந்த காட்டுக்குள் எப்படி எண்ணுகிறார்கள்?

உண்மையில் யாரும் ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. கண்ணில் பட்டதை வைத்து, படாதது எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவிலேயே ஒரு கசப்பான உதாரணம் இருக்கிறது.

சரிஸ்காவில் நடந்தது என்ன?

முதலில் கால்தடத்தை வைத்துதான் புலிகளைக் கணக்கெடுத்தார்கள். தடத்தைக் கண்ணாடி மீது வரைந்து, ஒவ்வொரு தடமும் எந்தப் புலியுடையது என்று பிரிப்பார்கள். இதில் ஒரு சிக்கல். ஈர மண்ணில் ஒரு மாதிரி, புழுதியில் வேறு மாதிரி என ஒரே புலியின் தடம் மாறும். ஒரு புலி இரண்டு, மூன்றாகப் பதிவாக வாய்ப்பு அதிகம்.

ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் 2004ஆம் ஆண்டு பதிவேட்டின்படி 15க்கும் மேற்பட்ட புலிகள் இருந்தன. ஆனால் 2005இல் ஆய்வாளர்கள் தேடியபோது ஒரு புலியைக்கூட காணோம். வேட்டைக்காரர்கள் மொத்தமாக அழித்திருந்தார்கள். காகிதத்தில் மட்டும் புலிகள் உயிரோடு இருந்தன.

அதன்பிறகு கணக்கெடுக்கும் முறையே மாறியது. 2001-02இல் கால்தட முறையில் நாடு முழுக்க 3,642 புலிகள் என்று சொல்லப்பட்டது. புதிய முறையில் 2006இல் கிடைத்த எண் வெறும் 1,411. இந்த வித்தியாசத்தில் எவ்வளவு நிஜ இழப்பு, எவ்வளவு பழைய தப்புக்கணக்கு என்று இன்றும் துல்லியமாகப் பிரிக்க முடியாது.

குளத்து மீன் கணக்கு தெரியுமா?

புதிய முறையின் அடிப்படை ரொம்ப எளிமையானது. ஒரு குளத்தில் எத்தனை மீன் இருக்கிறது என்று தெரிய வேண்டும். வலை வீசி 50 மீன் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு அடையாளம் போட்டு திரும்ப விட்டுவிட வேண்டும். சில நாள் கழித்து மறுபடி வலை வீசினால் 40 மீன் சிக்குகிறது. அதில் 10 மீனில் மட்டும் அடையாளம் இருக்கிறது.

அதாவது சிக்கியதில் நான்கில் ஒன்று, முன்பே பிடித்த மீன். அப்படியென்றால் அடையாளம் போட்ட 50 மீன், மொத்த மீன்களில் நான்கில் ஒரு பங்காக இருக்க வேண்டும். குளத்தில் சுமார் 200 மீன்!

ஆனால் இதற்கு நிபந்தனைகள் உண்டு. இடைப்பட்ட நாட்களில் மீன்கள் வெளியே போகவோ, புதிதாக உள்ளே வரவோ கூடாது. போட்ட அடையாளம் அழியக் கூடாது. ஒருமுறை வலையில் மாட்டிய மீன், அடுத்த முறை வலையைக் கண்டு ஒதுங்கவும் கூடாது. இதில் எது தவறினாலும் விடை மாறிவிடும்.

புலிக்கு யார் அடையாளம் போடுவது?

அந்த வேலையே தேவையில்லை. நம் கைரேகை போல ஒவ்வொரு புலியின் உடல் வரியும் தனி. கர்நாடகாவின் நாகரஹொளே காட்டில் 1990களில் விஞ்ஞானி உல்லாஸ் காரந்த், தானியங்கி கேமராக்களை வைத்து இந்த முறையில் புலிகளைக் கணக்கிட்டார். இன்று நாடு முழுக்க நடக்கும் கணக்கெடுப்புக்கும் இதுதான் அடித்தளம்.

புலி நடமாடும் பாதையில் எதிரெதிராக இரண்டு கேமராக்கள் பொருத்தப்படும். புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் வேறு வேறு என்பதால் இரண்டு பக்கமும் படம் தேவை. அந்தப் படங்களைக் கணினி ஒப்பிடும். பந்திப்பூரில் பதிவான புலி முதுமலைக்கு நடந்து வந்து இங்கேயும் படத்தில் சிக்கினால், ஒரே புலி என்று கண்டுபிடித்துவிடலாம்.

2022 கணக்கெடுப்பில் 32,588 இடங்களில் கேமரா வைத்தார்கள். கிடைத்த படங்கள் 4 கோடியே 70 லட்சத்துக்கும் மேல். அதில் புலி இருந்த படங்கள் 97,399. தனித்தனியாக அடையாளம் தெரிந்த புலிகள் 3,080.

கேமராவுக்கு முன்பே வனத்துறை ஊழியர்கள் லட்சக்கணக்கான கிலோமீட்டர் நடந்திருப்பார்கள். கால்தடம், எச்சம், மரத்தில் நகக்கீறல், புலிக்கு இரையாகும் மான், காட்டெருமை என எல்லாம் பதிவாகும். கேமரா வைக்காத காட்டில் புலி எவ்வளவு இருக்கும் என்பதை இந்தத் தகவல்களை வைத்தே மதிப்பிடுகிறார்கள்.

3,167ஆ, 3,682ஆ? எது சரி?

2023 ஏப்ரலில் 3,167 புலிகள் என்றார்கள், ஜூலையில் 3,682 என்றார்கள். இரண்டுமே சரிதான். புலிகள் 3,167 முதல் 3,925 வரை இருக்கலாம் என்பதே முழு முடிவு. முதலில் வந்தது குறைந்தபட்ச எண், பிறகு வந்தது சராசரி.

யானைகள் குறைந்துவிட்டதா?

யானைக்கு வரி கிடையாதே, என்ன செய்வது? யானை லத்தியில் இருக்கும் மரபணுவே அதற்கு அடையாளம். 21,000க்கும் அதிகமான மாதிரிகளைச் சோதித்து, 2025 அக்டோபரில் வெளியான அறிக்கை நாட்டில் 22,446 யானைகள் என்றது. 2017இல் சொன்ன எண் 27,312.

உடனே 5,000 யானைகள் காணாமல் போய்விட்டன என்று சொல்லிவிட முடியாது. 2017இல் நேரடியாகப் பார்த்தும், லத்திக் குவியல்களை எண்ணியும் கணக்கிட்டார்கள். இப்போது மரபணு முறை. அளவுகோலே மாறிவிட்டதால் பழைய எண்ணோடு ஒப்பிடக் கூடாது என்று அந்த அறிக்கையே சொல்கிறது. அடுத்த முறையும் மரபணுவை வைத்தே கணக்கெடுத்தால்தான் யானைகள் கூடுகிறதா, குறைகிறதா என்பது தெரியும்.

மற்ற உயிர்களுக்கு என்ன முறை?

செடிகள்: ஒரே அளவில் சிறு சதுரங்கள் அமைத்து, உள்ளே இருப்பதை எண்ணி மொத்தப் பரப்புக்குப் பெருக்குவார்கள்.

மான்கள்: நேர்கோட்டுப் பாதையில் நடந்து, எவ்வளவு தூரத்தில் தெரிந்தது என்று குறிப்பார்கள். தூரத்தில் இருப்பவை கண்ணில் படாமல் போகும் அளவைக் கணக்கில் சரிசெய்வார்கள்.

பறவைகள்: ஒரே இடத்தில் குறிப்பிட்ட நேரம் நின்று, பார்த்ததையும் குரல் கேட்டதையும் பதிவு செய்வார்கள்.

செய்தியில் எதைக் கவனிக்க வேண்டும்?

அடுத்த முறை ஒரு விலங்கின் எண்ணிக்கை கூடியது, குறைந்தது என்று செய்தி வந்தால் மூன்று கேள்விகள் போதும். முன்பும் இதே முறையில்தான் கணக்கெடுத்தார்களா? அதே பரப்பளவில்தான் தேடினார்களா? வந்திருப்பது சராசரியா, குறைந்தபட்சமா? இதற்கு விடை தெரிந்தால்தான் கூடியது விலங்கா, தேடிய காட்டின் பரப்பா என்பது புரியும்.