பஞ்சாப் வயலும் நவம்பர் புகையும்: சீட்டு மேல சீட்டு எழுதின கதை

1/
நவம்பர் வந்தா டிவியில அதே காட்சி. டெல்லியில் பத்தடி தள்ளி நிக்கிற ஆள் தெரியல. பள்ளிக்கூடம் லீவு. அடுத்த ஷாட்டில் பஞ்சாப் வயலில் நெருப்பு. கீழே கமெண்ட்டில் "இந்த விவசாயிகளைப் பிடிச்சு உள்ளே போடணும்". கேஸ் போட்டாச்சு, அபராதம் போட்டாச்சு, பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. அப்புறமும் ஏன் எரியுது? அதோட வரலாறு கொஞ்சம் நீளம். பொறுமையா வாசிங்க.

2/
முதல்ல எங்க தொழில்ல இருந்து ஒரு விஷயம். ஒருத்தருக்கு பிபி. அம்லோடிபின் கொடுக்கிறோம். கொஞ்ச நாளில் கால் வீங்குது. அது மாத்திரையோட பக்கவிளைவுன்னு கவனிக்காம, வீக்கம் வத்த நீர் பிரியற மாத்திரை எழுதுறாங்க. அதுல யூரிக் ஆசிட் ஏறி கட்டை விரல் வீங்கி வலிக்குது. அதுக்கு ஒரு வலி மாத்திரை. அந்த வலி மாத்திரை பிபியை ஏத்துது. ஆரம்பிச்ச இடத்துக்கே வந்தாச்சு, கையில மட்டும் மூணு சீட்டு. இதுக்கு 'ப்ரிஸ்கிரைபிங் கேஸ்கேட்'னு பேரு.

(இதைப் படிச்சுட்டு நீங்களா எந்த மாத்திரையையும் நிறுத்தாதீங்க. உங்க டாக்டர்கிட்ட கேளுங்க.)

3/
பஞ்சாப் வயலுக்கும் நாம இப்படித்தான் சீட்டு மேல சீட்டு எழுதியிருக்கோம். ஒவ்வொரு சீட்டும் எழுதின அன்னைக்கு சரியான சீட்டுதான். அதுதான் இந்தக் கதையில் கஷ்டமான விஷயம்.

4/
முதல் நோய் பசி. 1965, 66 இரண்டு வருடமும் மழை பொய்த்தது. 1966ல் மட்டும் சுமார் ஒரு கோடி டன் தானியம் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி ஆனது. பெரும்பகுதி அமெரிக்க கோதுமை. கப்பல் வந்தால் சாப்பாடு என்ற நிலை. 1967ல் நம்ம ஊர் தேர்தலே படி அரிசி வாக்குறுதியைச் சுத்தித்தான் நடந்தது. தாத்தா பாட்டி இருந்தா கேட்டுப் பாருங்க, ரேஷன் வரிசை கதை சொல்லுவாங்க.

5/
அப்போ மத்திய உணவு, வேளாண் அமைச்சர் நம்ம சி. சுப்பிரமணியம். விஞ்ஞானிகள் பக்கம் எம்.எஸ். சுவாமிநாதன். 1966ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டை ரக கோதுமை விதை வந்தது. அதற்கு முந்தைய வருடம்தான் இந்திய உணவுக் கழகம் தொடங்கியது. அதோட முதல் மாவட்ட அலுவலகம் எங்கே தெரியுமா? தஞ்சாவூர். விளைவிச்சா அரசு குறைந்தபட்ச விலை கொடுத்து வாங்கிக்கும். இதுதான் முதல் சீட்டு. நோய் குணமாச்சு. அதில் சந்தேகமே வேண்டாம்.

6/
இப்போ பக்கவிளைவு. பஞ்சாப் கோதுமை ரொட்டியும் மக்காச்சோள ரொட்டியும் சாப்பிடுற மண். அரிசி அவங்க அன்றாட உணவு இல்லை. 1960-61ல் அங்கே நெல் நட்டது 2.27 லட்சம் ஹெக்டேர். இப்போ 30 லட்சம் ஹெக்டேருக்கும் மேல. யாருக்காக? மத்திய தொகுப்புக்காக. அங்கிருந்து மூட்டை மூட்டையாக மற்ற மாநிலங்களின் ரேஷன் கடைகளுக்கு. கோதுமையும் நெல்லும்தான் நிச்சயமா விலை போகும் என்றால் எந்த விவசாயி வேற பயிர் வைப்பார்?

7/
அங்கே பருவமழை நெல்லுக்குப் போதாது. ஆழ்துளைக் கிணறுதான் கதி. 1997ல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமாச்சு. இது இரண்டாவது சீட்டு. மோட்டார் ராத்திரி பகலா ஓடுச்சு. நிலத்தடி நீர் வருஷா வருஷம் கீழே போச்சு. ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும், அக்னி வெயிலில், வயலில் தண்ணி கட்டி நாற்று நட்டார்கள். பாய்ச்சின தண்ணியில் ஒரு பகுதி அப்படியே ஆவியா போச்சு.

8/
மூன்றாவது சீட்டுதான் இந்தக் கதையின் திருப்பம். 2008ல் அவசரச் சட்டமாக வந்து, அடுத்த வருடம் 'பஞ்சாப் நிலத்தடி நீர் பாதுகாப்புச் சட்டம் 2009' ஆனது. மே 10க்கு முன் நாற்றங்கால் விடக்கூடாது. ஜூன் 10க்கு முன் நடவு கூடாது. மீறினால் மாதம் ஒன்றுக்கு ஹெக்டேருக்கு 10,000 ரூபாய் அபராதம், நட்டதை அழிக்கவும் அதிகாரம். ஹரியானாவும் அதே வருடம் இதே மாதிரி ஒரு சட்டம் போட்டது. நோக்கம்? வெயில் தணிந்து மழை நெருங்கும் நேரத்தில் நடு, தண்ணி மிச்சமாகும். நியாயமான சட்டம்.

9/
ஆனா நடவு தள்ளிப்போனா அறுவடையும் தள்ளிப்போகும் இல்லையா? அங்கே பரவலா இருந்த ரகம் பூசா 44. விதைச்சதுல இருந்து அறுக்க 155-160 நாள் ஆகும். மே மாதம் நட்டால் செப்டம்பர் கடைசியில் அறுக்கலாம். ஜூன் பாதியில் நட்டால் அக்டோபர் கடைசி.

கோதுமையோ நவம்பர் பாதிக்குள்ள விதைச்சாகணும். தாமதமானா மணி பிடிக்கிற நேரத்தில் மார்ச் வெயில் வந்து மகசூலைக் குறைச்சிடும். ஆக இரண்டு பயிருக்கும் நடுவில் விவசாயிக்குக் கிடைப்பது 15-20 நாள்தான்.

10/
அந்த 15-20 நாளில் என்ன செய்யணும்? அறுவடை மெஷின் கதிரை மட்டும் வாங்கிட்டு, முழங்கால் உயரத்துக்கு அடித்தாளை நிக்க வச்சுட்டு, வைக்கோலைச் சிதறிட்டுப் போயிடும். பஞ்சாபியில் அதுக்கு 'பராலி'ன்னு பேரு. வருஷத்துக்கு சுமார் 200 லட்சம் டன்.

"மாட்டுக்குப் போடலாமே" என்று நமக்குத் தோணும். நம்ம டெல்டாவில் மெஷின் அறுத்த வைக்கோலைக் கட்டு கட்டி லாரியில் ஏத்துறாங்க. ஆனா அங்கே மாட்டுக்குப் போடுவது கோதுமை வைக்கோல். நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம், மாடு விரும்பாது என்று ஒதுக்கிடுவாங்க. அதைச் சேர்த்துக் கட்டி எடுத்துப் போக ஆளும் இல்லை, மெஷினும் போதாது, நாளும் இல்லை. ஒரு தீக்குச்சி போதும். அரை மணியில் வயல் சுத்தம்.

11/
ஒன்றைத் தெளிவா சொல்லிடறேன். 2009 சட்டம் நெருப்பை உண்டாக்கவில்லை. அறுவடை மெஷின் வந்த காலத்திலிருந்தே தாளை எரிச்சுட்டுத்தான் இருந்தாங்க. ஆனா முன்னாடி அது செப்டம்பர் கடைசியில் தொடங்கி பல வாரத்தில் சிதறி எரியும். சட்டத்துக்கு அப்புறம் எல்லாரும் ஒரே சில வாரத்தில், அதுவும் நவம்பரை ஒட்டி எரிக்க வேண்டியதாச்சு. 2019ல் 'நேச்சர் சஸ்டெய்னபிலிட்டி' ஆய்விதழில் வந்த கட்டுரை இதைத்தான் சொன்னது: தண்ணீரைக் காப்பாத்தப் போய் காற்றை இழந்திருக்கோம்.

12/
ஒரு மாதம் தள்ளிப்போனா அப்படி என்ன வித்தியாசம்? போகி அன்னைக்கு விடியற்காலை சென்னையை நினைச்சுப் பாருங்க. புகை மேலே போகாது, தெருவோட படுத்துக் கிடக்கும். குளிர்ந்த காற்று கீழே, அதுக்கு மேலே கொஞ்சம் சூடான காற்று மூடி போட்ட மாதிரி. காற்றோட்டமும் இல்லை. 2018 போகிக்கு விமானம் இறங்க முடியாம திருப்பி விட்டது ஞாபகம் இருக்கா? நமக்கு அது ஒரு காலை. வட இந்தியச் சமவெளியில் நவம்பர் முழுக்க அந்த மூடி.

13/
இப்போ என் ஏரியா. புகையில் இருக்கிற பி.எம். 2.5 துகள் தலைமுடித் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. மூக்கு முடி, சளி எதுவும் அதைத் தடுக்காது. நேரா நுரையீரலின் காற்றுப் பைக்குள் போகும். அதில் ரொம்ப நுண்ணியவை ரத்தத்திலும் கலக்கும். அதனால் ஆஸ்துமா, சிஓபிடி நோயாளிகளுக்கு மட்டும் பிரச்சினை இல்லை. மாரடைப்பு, பக்கவாதம், குறைந்த எடையில் பிறக்கும் குழந்தை வரை இதன் கணக்கில் வரும். 24 மணி நேர சராசரிக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். இந்திய அளவு 60. டெல்லியில் மோசமான நாட்களில் அது பல நூறைத் தாண்டும்.

14/
அதுக்காக முழுப் பழியும் வயல் மேல போட முடியாது. உச்சமான சில நாட்களில் டெல்லி நுண்துகளில் மூணுல ஒரு பங்குக்கும் மேல வயல் புகை. வருஷம் முழுக்கக் கணக்குப் போட்டா அது சின்னப் பங்குதான். மீதி வண்டி, தூசி, தொழிற்சாலை, குப்பை எரிப்பு.

இன்னொன்று யாரும் பேசறதில்லை. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது டெல்லிக்காரர் இல்லை. தீ வைத்த விவசாயி, அவர் வீட்டுக் குழந்தை, பக்கத்துத் தெரு பாட்டி.

15/
நான்காவது சீட்டு, தடை. காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981லேயே, எரிபொருள் அல்லாத பொருளை எரிப்பதைத் தடை செய்ய மாநில அரசுக்கு அதிகாரம் இருக்கு. 2015 டிசம்பர் 10ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் டெல்லி, பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தானில் பயிர்த்தாள் எரிப்பதைத் தடை செய்தது. 2 ஏக்கருக்குக் கீழே 2,500 ரூபாய், 5 ஏக்கர் வரை 5,000, அதுக்கு மேல 15,000. ஒவ்வொரு சீசனிலும் மாவட்ட நிர்வாகங்கள் 144 தடை உத்தரவு போட்டன. மீறினால் வழக்கு. நில ஆவணத்தில் சிவப்பு மைப் பதிவு வேற.

16/
2020ல் வந்த காற்றுத் தர ஆணைய அவசரச் சட்டத்தில் தண்டனை 5 வருடம் வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். டெல்லி எல்லையில் விவசாயிகள் உட்கார்ந்திருந்த காலம் அது. அவங்க கேட்டதில் இதுவும் ஒன்று. 2021ல் சட்டமானபோது சிறைப் பிரிவிலிருந்து விவசாயிகளுக்கு விலக்கு. 2024 நவம்பரில் அபராதம் இரண்டு மடங்காகி 30,000 ரூபாய் வரை போனது.

17/
பலன்? செயற்கைக்கோள் எண்ணிய நெருப்பு பஞ்சாபில் 2020ல் 83,002. 2024ல் 10,909. பெரிய இறக்கம்தான். இதில் மெஷின் மானியத்துக்கும் பங்கு உண்டு. 2018லிருந்து தனி விவசாயிக்கு 50%, குழுவுக்கு 80% மானியம். தாள் நிக்கும்போதே அதுக்குள்ள கோதுமை விதைக்கிற 'ஹேப்பி சீடர்' மாதிரி மெஷின்கள் ஊருக்குள் வந்தன.

ஆனா ஒரு உறுத்தல். அந்த செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் மதியம் கடந்து போகும். அது போன பிறகு, சாயந்திரம் எரிப்பது கூடியிருக்கு என்று ஆய்வாளர்கள் சுட்டிக் காட்டினார்கள். காய்ச்சல் குறைஞ்சதா, இல்ல தெர்மாமீட்டர் வைக்கிற நேரத்தில் மட்டும் குறையுதா?

18/
இதே நெல், இதே வைக்கோல், இதே புகைச் சண்டை கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ பள்ளத்தாக்கிலும் நடந்தது. 1991ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. உடனடித் தடை கிடையாது. பத்து வருடத்தில் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் நாலில் ஒரு பங்கு வயலுக்குள், அதுவும் பயிர் நோய் இருந்தால் மட்டும். விவசாயிகள் குளிர்காலத்தில் வயலில் தண்ணி கட்டி வைக்கோலை மக்க விட்டார்கள். அந்தத் தண்ணிக்கு லட்சக்கணக்கில் வாத்துகள் வலசை வந்தன.

கேட்க அழகா இருக்கு. ஆனா அவங்களுக்கு அடுத்த பயிருக்கு முழு குளிர்காலம் கையில் இருக்கு. பஞ்சாப் விவசாயிக்கு இருப்பது இரண்டு, மூன்று வாரம். தண்ணியும் இல்லை. அவங்க சீட்டை அப்படியே இங்கே எழுத முடியாது. அங்கே சட்டம் விவசாயிக்கு நேரம் கொடுத்தது என்ற பாடத்தை மட்டும் எடுத்துக்கலாம்.

19/
அந்த நேரத்தைத் திருப்பிக் கொடுக்கிற சீட்டு இங்கேயும் உண்டு. லூதியானா வேளாண் பல்கலைக்கழகத்தின் பி.ஆர். 126 ரகம், நட்டு 93 நாளில் அறுவடைக்கு வரும். ஜூன் கடைசியில் நட்டாலும் அக்டோபர் தொடக்கத்தில் அறுக்கலாம். தண்ணியும் மிச்சம், கோதுமைக்கு முன்னாடி ஒரு மாதமும் மிச்சம். 2023 அக்டோபரில் பஞ்சாப் அரசு அடுத்த சீசனிலிருந்து பூசா 44க்குத் தடை அறிவித்தது. நடவுத் தேதியும் ஆடிட்டே இருக்கு: 2018ல் ஜூன் 20, 2019ல் ஜூன் 13, 2025ல் சில மாவட்டங்களுக்கு ஜூன் 1. முன்னே இழுத்தா தண்ணிக்குச் சண்டை, பின்னே தள்ளினா காத்துக்குச் சண்டை.

20/
ரகத்தை மாற்றுவது நல்ல தொடக்கம். ஆனா முதல் சீட்டு இன்னும் அப்படியே ஓடிட்டு இருக்கு. நெல்லுக்கும் கோதுமைக்கும் இருக்கிற கொள்முதல் உறுதி மக்காச்சோளத்துக்கும் பருப்புக்கும் கிடைக்கிற வரைக்கும், அந்த வறண்ட மண்ணில் 30 லட்சம் ஹெக்டேர் நெல் நிக்கத்தான் செய்யும்.

ஒரு நோயாளி பை நிறைய மாத்திரையோட வந்தா, நான் அதுக்கு மேல ஒண்ணு எழுதறதில்லை. எல்லாத்தையும் மேஜையில் கொட்டி, "இதுல முதல்ல ஆரம்பிச்சது எது? எதுக்காக ஆரம்பிச்சாங்க?" என்று கேட்பேன். பஞ்சாபுக்கும் அந்தக் கேள்வியைத்தான் கேக்கணும்.

21/
அடுத்த நவம்பரில் அந்தக் காட்சி டிவியில வரும்போது இன்னொன்றும் ஞாபகம் வச்சுக்கங்க. அந்த நெல்லை நடச் சொன்னது பசியில் இருந்த நாம. அது நம்ம நாட்டு ரேஷன் கடைகள் வரைக்கும் போகிற அரிசி. புகையை நிறுத்தணும்னு சொல்ல நமக்கு உரிமை இருக்கு. அதுக்கு ஆகிற செலவில் நமக்கும் பங்கு இருக்கு.

போகிக்கு டயர், பிளாஸ்டிக் எரிக்கிறது பத்தி தை பிறக்கிறதுக்கு முன்னாடி தனியா எழுதறேன். வீட்டில் ஆஸ்துமா குழந்தையோ வயசானவங்களோ இருந்தா அவங்க இன்ஹேலர் தீர்ந்துடாம பாத்துக்கங்க.