பெயரற்ற வைரசு: ஒரு வரலாற்று நோக்கு

கொள்ளைநோயொன்று தோன்றுமிடத்து, அதன் காரணம் அறியப்படுமுன்னரே அதற்குரிய பழியை யார்மீதேனும் சுமத்துதல் மனித சமுதாயத்தின் நெடுநாள் வழக்கமாகும். 1993ஆம் ஆண்டு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்கிலே பரவிய நுரையீரல் நோயின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

அரிசோனா, நியூ மெக்சிக்கோ, கொலராடோ, யூட்டா ஆகிய நான்கு மாநிலங்களின் எல்லைகள் ஓரிடத்திலே சந்திக்கின்றன. அதனைச் சூழ்ந்த நிலப்பரப்பிற் பெரும்பகுதி நவாகோ பழங்குடியினருக்குரியது. 1993 மே மாதத்தில் அங்கு உடல்வலிமை மிக்க நவாகோ இளைஞன் ஒருவன் மூச்சுத்திணறித் திடீரென இறந்தான். அவன் மணக்கவிருந்த பெண்ணும் சில நாட்களுக்கு முன்னர் அவ்வாறே இறந்திருந்தாள். இவ்வாறு மாண்ட வேறு சில இளவயதினரும் இருந்தமையை வைத்தியர்கள் கண்டறிந்தனர். காய்ச்சலும் தசைநோவுமாகத் தொடங்கும் இந்நோயில், நுரையீரலின் நுண்ணிய குருதிக்குழாய்களிலிருந்து திரவம் கசிந்து காற்றறைகளை நிரப்பிவிடுகின்றது.

நோயின் காரணம் துலங்குமுன்னரே பத்திரிகைகள் சில அதற்கு 'நவாகோக் காய்ச்சல்' எனப் பெயர் சூட்டின. அப்பெயர் நோயைவிட விரைவாகப் பரவிற்று. நவாகோ மக்களை அயலவர் அஞ்சி ஒதுக்கினர். துயருற்றிருந்த குடும்பங்களைச் செய்தியாளர் சூழ்ந்துகொண்டனர்.

ஆய்வுகூடங்கள் சில வாரங்களுக்குள் தந்த விடை எவரும் எதிர்பாராததாகும். நோயாளரின் குருதியிலிருந்த பிறபொருளெதிரிகள் ஹந்தா வைரசுகளோடு தாக்கமுற்றன. கொரியப் போரின்போது (1950-1953) மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஐக்கிய நாடுகள் படையினரைப் பீடித்த குருதிப்பெருக்குக் காய்ச்சலின் காரணியை, 1976இல் கொரிய அறிஞர் லீ ஹோ-வாங் வயலெலியின் நுரையீரலிலே கண்டறிந்திருந்தார். ஆயின் அது சிறுநீரகத்தைத் தாக்கும் நோயாகவே அறியப்பட்டிருந்தது. அமெரிக்காவிலே புதிய வைரசைத் தாங்கியிருந்தது மான் எலி எனப்படும் காட்டுச் சுண்டெலியாகும். அதன் சிறுநீர், எச்சம், உமிழ்நீர் என்பன கலந்த தூசியைச் சுவாசித்தமையாலேயே மனிதர் நோயுற்றனர். நீண்ட வரட்சியின் பின் பெய்த மிகுமழையால் பைன் விதைகள் பெருக, அவற்றையுண்ட எலிகளும் ஓராண்டிலே ஏறக்குறையப் பத்து மடங்காகப் பெருகியிருந்தன.

நவாகோ முதியோருக்கு இது முற்றிலும் புதுச்செய்தியன்று. மழை மிகுந்து விதைகள் பெருகிய 1918, 1933 ஆகிய ஆண்டுகளை ஒட்டியும் இத்தகைய மரணங்கள் நேர்ந்தன என்பது அவர்களின் வாய்மொழி மரபு. எலி வெளியுலகுக்குரியது, மனிதர் வாழும் இல்லத்துள் அதனை அனுமதித்தலாகாது, அது தீண்டிய ஆடையை எரித்துவிடல் வேண்டும் என்பன அம்மரபின் விதிகளாகும். பிற்கால ஆய்வுகள் 1959இலேயே யூட்டாவில் ஒருவர் இந்நோயுற்றிருந்ததைப் புலப்படுத்தின. அவ்வகையில், 1993இலே புதிதாகத் தோன்றியது நோயன்று. நோய் பற்றிய மருத்துவ அறிவேயாகும். பழிசுமத்தப்பட்ட மக்களிடமே அவ்வறிவின் ஒரு கூறு முன்னரே இருந்தமை கருதற்பாலது.

வைரசுக்கு இடப்பெயர் சூட்ட எடுத்த முயற்சிகளும் எதிர்ப்புக்குள்ளாயின. தம் நிலத்தின் பெயரால் ஒரு கொடுநோய் அறியப்படுவதை நவாகோ மக்கள் விரும்பவில்லை. ஈற்றில் 'சின் நொம்பிரே' என்னும் பெயர் நிலைத்தது. ஸ்பானிய மொழியில் அதன் பொருள் 'பெயரற்றது' என்பதாகும்.

நோயுற்றோரில் மூன்றிலொரு பங்கினருக்கு மேற்பட்டோரைக் கொல்லும் இவ்வைரசை அழிக்கவல்ல மருந்து இன்னும் கிடைத்திலது. எலியை இல்லத்துக்கு வெளியே நிறுத்துதலே இன்றும் முதன்மையான காப்பாகும். நவாகோ முதியோர் வகுத்த விதியும் அதுவேயாம்.