எண்ணிக்கையில் குறைந்த மகள்

மன்னர் பெயர்களை வரிசையாக ஒப்பிப்பதே வரலாறு என்று நெடுநாள் நமக்குக் கற்பிக்கப்பட்டது. யார் முடி சூடினார், யார் முடி இழந்தார் என்பது மட்டுமே வரலாறாயின், ஓமலூரைப் பற்றி எழுத நான்கு வரிகள் போதும். சரபங்கா ஆற்றங்கரையில் ஒரு கோட்டை இருந்தது, மைசூர் ஆட்சியிடமிருந்து அது கும்பினியார் கைக்கு மாறியது, கோட்டை சிதைந்தது, ஊர் நின்றது. அவ்வளவுதான்! ஆனால், அந்த ஊரில் எத்தனை வீடுகளில் உலை கொதித்தது, ஒவ்வோர் உலையையும் சுற்றி எத்தனை ஆண்கள், எத்தனை பெண்கள், எத்தனை குழந்தைகள் இருந்தனர் என்று கேளுங்கள், தோழர்களே! மக்களின் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது. சேலத்துச் சமவெளியில் அந்தக் கேள்வி இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்கப்பட்டு வருகிறது. கேட்டவர்கள் பலர், கேட்ட நோக்கங்களும் பல.

முதலில் கேட்டவன் வரி வாங்க வந்தவன். 1792-ஆம் ஆண்டு சீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாரமகாலையும் சேலத்தையும் கும்பினிக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. அலெக்சாண்டர் ரீடு என்னும் படை அதிகாரி நிர்வாகத்தை ஏற்றார். தாமஸ் மன்றோவும் வில்லியம் மக்ளியோடும் அவருடைய உதவியாளர்கள். 1799 வரை நீடித்த அந்த ஆட்சியில் நிலத்தை அளந்தனர், விளைவை மதிப்பிட்டனர், குடிகளையும் தொழில்களையும் பட்டியலிட்டனர். பிற்காலத்தில் ‘பாரமகால் ஆவணங்கள்’ என்று அச்சேறிய தொகுதிகளில் குடிமக்களைப் பற்றித் தனிப்பகுதியே உண்டு. குடிகள்மேல் கொண்ட பரிவா காரணம்? இல்லை. உழுபவன் ஒவ்வொருவனிடமும் நேரடியாக வரி தண்டும் இரயத்துவாரி முறை இம்மண்ணில்தான் உருப்பெற்றது. ஆளை அறியாமல் வரியை அறிய முடியாது. அதனால் ஆளை எண்ணினார்கள்.

அடுத்துச் சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிவான கணக்கு 1871-இல் எடுக்கப்பட்டது. அதைத் தொகுத்தவர் மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். சேலம் மாவட்டத்தின் தொகை ஏறத்தாழ 19 இலட்சத்து 67 ஆயிரம் என்று பதிவாயிற்று. பத்தாண்டு கழித்து, 1881-இல் எண்ணியபோது ஏறத்தாழ 16 இலட்சம்! மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எங்கே போயினர்? தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய அந்தக் கொடும்பஞ்சம் கொண்டு போயிற்று. பசியிலும் நோயிலும் மாண்டவர் பலர். ஊரை விட்டு ஓடியவர் சிலர். பஞ்ச நிவாரணப் பணியில் கல் உடைத்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு இராத்தல் தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார் ரிச்சர்டு டெம்பிள். போதாது, இது உயிரைக் குடிக்கும் என்று மருத்துவ அறிவோடு எதிர்த்து வாதாடினார் அதே கார்னிஷ். விதி என்றும், தெய்வ குற்றம் என்றும் சொல்லி மக்கள் அழுது ஓய்ந்த சாவுகளை, ஆட்சியின் மீது சாட்டத்தக்க குற்றமாக மாற்றியவை அந்த இரண்டு எண்களே. எண்ணி வைத்திராவிட்டால் அத்தனை உயிரும் இருந்த சுவடின்றி மறைந்திருக்கும்.

மூன்றாவதாகக் கேட்டவன் சாதியைக் கேட்டான். 1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹெர்பர்ட் ரிஸ்லி, சாதிகளைச் சமூக மதிப்பின்படி மேலிருந்து கீழாக வரிசைப்படுத்த முனைந்தார். எங்களை இன்ன வருணத்தில் எழுதுங்கள், இன்ன பட்டம் கொடுங்கள் என்று மனுக்கள் குவிந்தன. ஏணியை உடைக்க வேண்டியவர்கள் ஏணியில் ஒரு படி மேலே இடம் கேட்டு நின்ற காட்சி அது! எனினும், 1931-க்குப் பிறகு சாதிவாரி விவரம் முழுமையாக வெளியிடப்படாமல் நின்றதன் இழப்பையும் நாம் அறிவோம். பிற்படுத்தப்பட்டோர் தொகையை மதிப்பிட மண்டல் குழு 1980-இல் அரை நூற்றாண்டுப் பழைய அந்தக் கணக்கையே நாட வேண்டியிருந்தது. ஏற்றத்தாழ்வை நிலைநிறுத்தப் பயன்பட்ட கருவியே ஏற்றத்தாழ்வை அளக்கவும் பயன்பட்டது.

வரிக்கு எண்ணினர், பஞ்சத்தில் எண்ணினர், சாதிக்கு எண்ணினர். இத்தனை முறை எண்ணியும் வீட்டுக்குள்ளே நடந்ததை நெடுங்காலம் எவரும் உற்றுப் பார்க்கவில்லை. கணக்கெடுப்பு விதியில் ‘குடும்பம்’ என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. ஒன்றாக வாழ்ந்து, ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர் ஒரு குடும்பம். அடுப்புத்தான் அளவுகோல்! ஆனால் அந்த அடுப்பை மூட்டுகிறவள் யார்? ஏட்டில் முதல் வரியில் ‘குடும்பத் தலைவர்’ என்று பெரும்பாலும் ஆடவர் பெயரே ஏறுகிறது. வீட்டார் யாரைத் தலைவர் என்கிறார்களோ அவரையே எழுத வேண்டும் என்பதுதான் விதி. எனவே குறை ஏட்டில் இல்லை, வீட்டாரிடம் இருக்கிறது. விடியுமுன் எழுந்து, நீர் சுமந்து, சோறு ஆக்கி, மாட்டுக்குத் தீனி வைத்து, பிள்ளையைப் பேணும் பெண்ணோ, வேறு வருவாய்த் தொழில் இல்லையேல் ‘வேலை செய்யாதோர்’ பட்டியலில் இடம்பெறுகிறாள். உழைப்பில் எண்ணப்படாத இவளுடைய மகள் உயிரிலும் எண்ணப்படாமல் போனதே நாம் சொல்ல வந்த செய்தி.

1991-ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில், ஆயிரம் ஆண்களுக்குத் தமிழ்நாட்டில் 948 பெண்கள். இயற்கையில் நூறு பெண் குழந்தைகள் பிறந்தால் ஏறத்தாழ 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. அதாவது ஆயிரத்துக்கு 950 அளவில் பெண்கள் இருப்பதே இயல்பு. மாநிலம் அந்த இயல்பை ஒட்டியிருந்தது. சேலம் மாவட்டத்திலோ 850-ஐ ஒட்டிய எண்! ஓமலூர், மேட்டூர், எடப்பாடி பகுதிகளில் நிலைமை மாவட்டச் சராசரியினும் மோசம். ஆயிரம் சிறுவர்கள் விளையாடும் இடத்தில் நூறு சிறுமிகள் இல்லை. தாது வருடத்தில் மழை பொய்த்தது. 1991-இல் என்ன பொய்த்தது?

இதற்குச் சமாதானம் சொல்வோர் உண்டு. ஆண்கள் வெளியூரிலிருந்து பிழைக்க வந்திருப்பார்கள், அதனால் அவர்கள் தொகை கூடியது என்பார்கள். பெரியவர்களைப் பொறுத்தவரை அவ்வாறு நிகழ்வதுண்டு. 1901-இல் தமிழ்நாட்டில் ஆயிரம் ஆண்களுக்கு 1,044 பெண்கள் இருந்ததற்கு, ஆண்கள் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கூலிகளாய்ச் சென்றதும் ஒரு காரணமே. ஆனால், ஐந்து வயதுப் பையன் தங்கையை விட்டுவிட்டுத் தனியே வேலை தேடி ஓமலூருக்கு வந்தானா? பெண் குழந்தைகளை எழுதாமல் விட்டிருப்பார்கள் என்பார் சிலர். அப்படியாயின் அந்த மறதி ஏன் மாநிலம் எங்கும் பரவாமல் குறிப்பிட்ட சில வட்டங்களில் மட்டும் குடிகொண்டது? காரணம் வேறு. கள்ளிப்பால் என்ற சொல்லை இப்பகுதியில் விளக்க வேண்டியதில்லை. பிறந்த பின் கொல்லும் கொடுமைக்குப் பக்கத்திலேயே, பிறக்குமுன் ஸ்கேன் கருவியில் கண்டு அழிக்கும் புதுக் கொடுமையும் வந்து அமர்ந்தது. அறிவியல் தந்த கருவியை அறியாமையின் கையில் கொடுத்தால் விளைவு இதுதான்.

ஏன் கொன்றார்கள்? வறுமை என்று ஒரே சொல்லில் முடிப்பது எளிது. வறுமை ஆண் குழந்தையையும் அல்லவா வாட்ட வேண்டும்? ‘ஆசைக்கு ஒரு பெண், ஆஸ்திக்கு ஒரு ஆண்’ என்ற பழமொழியைக் கூர்ந்து நோக்குங்கள். ஆஸ்தி அவனுக்கு, இவளுக்கு ஆசை வார்த்தை மட்டும்! நிலம் மகனுக்குப் போகிறது. மகளோடு நகையும் ரொக்கமும் போகின்றன. ஒரு காலத்தில் பரிசம் கொடுத்துப் பெண் கொண்ட குடிகளிடையே, வரதட்சணை வாங்கிப் பெண் கொள்ளும் வழக்கம் புகுந்தது. கிணற்றுப் பாசனமும் பணப்பயிரும் வளர்ந்து கையில் காசு புரளப் புரள, மாப்பிள்ளையின் விலையும் ஏறிற்று. கொள்ளி வைக்க மகன் இல்லையேல் நற்கதி இல்லை என்ற புராணம் இதற்குக் காவல் நின்றது. செத்த பின் எரியும் உடலுக்குத் தீ வைக்கும் கை ஆணுடையதா பெண்ணுடையதா என்று தீ கேட்டதுண்டா?

வீடு சிறுத்ததும் இந்தக் கொடுமைக்குக் கூர் தீட்டியது. ஐந்தாறு பிள்ளைகள் பெற்ற காலத்தில் இரண்டு மகள்களுக்கும் இடம் இருந்தது. அளவான குடும்பம் என்ற நல்ல கொள்கை வந்தபோது, அதனோடு ஆண்-பெண் சமம் என்ற கொள்கை உள்ளத்தில் ஏறாத வீடுகளில், ‘இருவர் போதும், அதில் ஒருவன் மகனாக வேண்டும்’ என்ற கணக்குப் பிறந்தது. முதல் மகள் பிழைத்தாள், இரண்டாமவள் மாட்டிக்கொண்டாள். 2011-இல் தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்துக்குச் சராசரி நால்வருக்கும் சற்றுக் குறைவு. ஓமலூர்ப் பேரூராட்சியில் மட்டும் ஏறத்தாழ 16,000 பேர். வீட்டுக்கு நால்வர் என்று கொண்டால் நாலாயிரம் அடுப்புகள். சிறிய குடும்பம் நம் வெற்றிதான். ஆனால் அச்சிறுமைக்கு விலையாக மகளைக் கொடுத்தால் அது வெற்றியாகாது.

மருந்து தெரியாத நோய் அன்று இது. 1929-ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கு ஆணோடு ஒத்த சொத்துரிமை வேண்டும் எனத் தீர்மானித்தது. அறுபது ஆண்டு சென்று, 1989-இல்தான் தமிழ்நாட்டில் மூதாதையர் சொத்தில் மகளுக்குப் பங்கு தரும் சட்டத்திருத்தம் வந்தது. 2005-இல் இந்தியா முழுமைக்கும் விரிந்தது. பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசிடம் ஒப்படைக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் தொடங்கப்பட்டது. எங்கே? நம் சேலத்தில்! உயிர் காத்த திட்டம் அது. ஆனால், பெற்ற மகளை வேண்டாம் எனும் உள்ளத்தை மாற்றத் தொட்டிலால் இயலாது. கருவிலேயே பால் அறிவதைத் தடுக்கும் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டது. இத்தனைக்குப் பிறகும் 2001-இல் சேலத்து எண் 850-ஐ ஒட்டியே நின்றது. 2011-இல்தான் 916 ஆயிற்று. சட்டம், கல்வி, பெண்கள் கையில் வந்த ஊதியம் எல்லாம் சேர்ந்து இழுத்த தேர் அது. மகிழலாம், ஆனால் ஓய முடியாது. 916-க்கும் 950-க்கும் நடுவே இன்னும் முப்பத்து நான்கு சிறுமிகள் இருக்கிறார்கள்.

2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாத் தொற்றைக் காரணம் காட்டித் தள்ளிப்போயிற்று. 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு, சாதி விவரமும் சேர்த்து எண்ணப்போவதாக ஒன்றிய அரசு 2025-இல் அறிவித்தது. வீடு வீடாகச் சென்று எண்ணும் பணி பெரும்பாலும் நம்மைப் போன்ற பள்ளி ஆசிரியர்கள் தோளில் விழுவது வழக்கம். ஆனால் பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் அந்த ஏட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு பிறப்பும் பதிவாக வேண்டும். உங்கள் ஊரில் சென்ற ஆண்டு பிறந்த ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று கிராம சபையில் எழுந்து கேளுங்கள், இளைஞர்களே! விடை வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேளுங்கள். சிற்றூரில் ஓராண்டுக் கணக்கு ஏறி இறங்கும். எனவே ஐந்தாண்டுக் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். குறைவு தெரிந்தால், அதை ஊரார் காண எழுதி ஒட்டுங்கள். வரதட்சணை வாங்கும் திருமணத்துக்குப் போக மாட்டோம் என்று உங்கள் வீட்டிலிருந்தே தொடங்குங்கள். கணக்கெடுக்க வருகிறவர் வாசலில் நின்று ‘குடும்பத் தலைவர் யார்?’ என்று கேட்கும் நாளில், அடுப்பை மூட்டுகிறவளையும் கலந்து விடை சொல்லுங்கள்.